அருள் சின்னப்பர் வாறார்

"அருள் சின்னப்பர் இண்டைக்கு எங்கடை வீட்டுக்கு வாறார்!" என்று துள்ளிக்கொண்டு வந்தாள் அருமைநாயகி.

போன மாதம்தான் இடம்பெயர்ந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த கத்தரீனா திகைத்துப்போனாள். "அக்கா, பாப்பரசர் அருள் சின்னப்பர் கொழும்புக்கல்லோ வாறார்? குருநகருக்கு வாறாரெண்டு ஆர் சொன்னது?"

"சண்டை நிண்டிட்டுதெல்லோ, கிளாலிக் கடலைத் தாண்டித் தோணியிலை வாறார். வந்தவுடனை நண்டுக்கறிதான் கேப்பார், இருந்து பார்!"

தனியே இருந்து இருந்து மனுசிக்கு மூளை கலங்கிவிட்டது என்று கத்தரீனா பயந்தாள். யாரையாவது கூட்டிவரலாம் என்று ஒழுங்கைக்கு ஓடியவள், எதிரே வந்த சைக்கிளில் மோதப் பார்த்தாள். அதன் பின்னாலிருந்து மீசை அரும்பிய பொடியன் ஒருவன் குதித்தான்.

"அம்மா!"

அருமைநாயகி பாய்ந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"தொண்ணூறிலை மாமனோடை இந்தியாவுக்கு அனுப்பின என்ரை பிள்ளை, தங்கச்சி! இந்தப் பாப்பரசரைத் தெரிவு செய்த கிழமை பிறந்தவன். அந்தப் பேரையே வைச்சம்."

கத்தரீனா நேரே தேவாலயத்துக்கு ஓடினாள். யாரிடமும் கேட்காமல் மணிக் கயிற்றைப் பிடித்து, கை வலிக்க வலிக்க இழுத்தாள்.