ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

"மூடின பக்கம் முன்னாடி பாக்கணும்டா. திருப்பிப் போட்ட, லாக்கு கழண்டு செயின் நடுரோட்ல வுழுந்துடும்."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிருபானந்தம், ஊன்றுகோலின் நுனியால் சுட்டிக்காட்டினான்.

கீழே குந்தியிருந்த தம்பி ஜோவின், செயினின் இரண்டு முனைகளையும் பிணைக்கும் அந்தச் சின்னத் தகட்டைத் திருப்பிப் பொருத்தி அழுத்தினான். டிக்கென்று விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகியிருந்தன.

அப்பா வைத்திருந்த அறுபத்து நாலாம் வருடத்து ஜாவா அது. அவருக்குப் பிறகு கிருபானந்தம் வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு, ஆம்பூரிலிருந்து வந்த ஷூ கம்பெனி வேன் பள்ளிகொண்டா பக்கம் கவிழ்ந்ததில் அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து வண்டி துருவேறிக் கிடந்தது.

வலது காலுக்கு பிரேக் மட்டும்தானே? அதற்குச் செயற்கைக் கால் போதும் என்பான் அவன்.

விபத்தால் தள்ளிப்போட்ட அவன் கல்யாணம் ஜனவரியில் என்று அம்மா சொல்லியிருந்தாள். சர்ச்சை விட்டு வெளியே வந்ததும், நிச்சயித்த பெண் அக்சாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போக வேண்டும். அவனுக்கு வேறு ஆசையில்லை.

ராணிப்பேட்டையில் டீச்சராக இருக்கும் அக்சா இரண்டு மாதமாக வரவில்லை. பரீட்சை நேரமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவனை ஆட்டோவில் சர்ச்சுக்கு அழைத்துப் போவதாகத்தான் இருந்தது. ஜோவின்தான் ஒப்பவில்லை.

"எல்லாரும் பாக்க ஆட்டோலயா போய் எறங்குவ? இன்னாண்ணா நீ! வண்டிய நான் ரெடி பண்றேன். ஜாவாலயே போலாம்."

கிருபானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் ஞாயிறு, பழைய செயினைக் கழற்றியதோடு சரி. தேய்ந்த பல்சக்கரங்களில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் கெட்டுவிடும், முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொல்ல, தம்பி தலையாட்டினான்.

இரண்டாம் ஞாயிறு, வாலாஜாபேட்டையிலிருந்து அவன் வாங்கி வந்த முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைந்தது. அண்ணன் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தும் மாற்றி வாங்கியிருந்தான்.

கிருபானந்தத்துக்குத் திட்ட மனம் வரவில்லை. வார நாளெல்லாம் தோல் ஷாப்பில் மாரடிக்கிற பிள்ளை. அம்மா ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவனால் ஸ்பானரைத் தொட முடிகிறது. அண்ணனுக்காக ஆராதனையையே விடுகிறானே!

ஜோவின் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினான். எங்கும் தட்டாமல், இரையாமல் ஓடியது.

"பட்டு மாதிரி போவுது பாரு!" கிருபானந்தம் சிரித்தான். "அடுத்த வாரம் சர்ச்சு வாசல்ல எறங்கறோம்டா தோஸ்த்."

ஜோவின் கந்தல் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கேட் திறந்தது. அம்மா ஜெபகனி பைபிளை மார்போடு அணைத்தபடி வந்தாள். பெரியவனின் நாற்காலியைத் தாண்டிப் போய், சின்னவனின் தலையில் கை வைத்தாள்.

இனிக் குரலைத் தாழ்த்த அவளுக்குத் தேவையிருக்கவில்லை.

"ஒனக்கும் அக்சாவுக்கும் சர்ச்சுல மூணாவது கல்யாண ஓலையும் வாசிச்சாச்சுடா. இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்றவங்க இருக்கீங்களான்னு பாஸ்டரு மூணு வாரமும் கேட்டாரு. ஒருத்தரும் எழுந்துக்கல."

ஜோவின் நிமிரவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகினான்.

"எவ்ளோ வுடணும்ணா?" என்று கேட்டான்.