சொட்டு எண்ணெய்

"அக்கா, மறுபடியும் ஒழுகியிருக்கு!" ஜன்னலில் நின்று சிரித்தான் தம்பி லைத். "இன்ஜினையே பிரிச்சு மாட்டின பெரிய மெக்கானிக்காச்சே நீ!"

காருக்கு அடியில் படுத்திருந்த ஹதீல் பல்லைக் கடித்தாள். எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை அவளே இரண்டாம் தரம் மாற்றியும் காலையில் தரையெல்லாம் எண்ணெய். நாளை இந்தக் காரில் அகபா நகருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே புது வேலை.

"அவளைச் சீண்டாதடா," என்றார் பாபா, அவர்களுடைய அப்பா. "ஆனா ஹதீல், எண்ணெய் சொட்டுற வண்டியில உன்னைப் பாலைவன ரோட்டுல தனியா அனுப்ப மாட்டேன். பேச்சுன்னா பேச்சுதான்."

சாயங்காலம் இன்ஜினின் அடிப்பக்கத்தைத் துடைத்து, சமையலறை மஞ்சள் தூளை அப்பி வைத்தாள். எண்ணெய் கசிகிற இடத்தில் மஞ்சள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தாள். தரையில் எண்ணெய். ஆனால் கேஸ்கெட் ஓரமெல்லாம் மஞ்சள் காய்ந்தபடியே இருந்தது. பழைய எண்ணெயை வடிக்கத் திறக்கிற போல்ட்டில் மட்டும் மஞ்சள் துடைபட்டுப் போயிருந்தது. சுற்றிலும் விரல் தடம். போல்ட் தொட்டதும் ஆடியது; யாரோ தளர்த்தி விட்டிருக்கிறார்கள்.

உள்ளே பாய்ந்தாள்.

"லைத்! கையை நீட்டுடா!"

"நான் என்ன பண்ணேன்?" நீட்டினான். கை சுத்தமாக இருந்தது.

"காலங்காத்தால என்ன சண்டை? உக்காந்து சாப்பிடுங்க," என்று பாபா ரொட்டியைப் பிய்த்தார்.

அவர் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

ஹதீல் அந்தக் கையையே பார்த்தாள். பாபா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா செத்துக் கிடந்த வண்டிம்மா அது. 'நீயே சரி பண்ணிட்டா ஓட்டிட்டுப் போ'ன்னு சொன்னப்ப, நீ கிளப்பிடுவேன்னு நான் நெனச்சேனா?"