ஒன்றரை அங்குலப் பலகை

"பாய், ஒன்றரை அங்குலப் பலகையை ஒரு ஆள் வெறும் காலால ஒடைக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் கேட்டது கராத்தே மாஸ்டர் ஜெகபர் அலியிடம். மேசை மேல் ஒரு மதகுப் பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது. சுவரோரம் வீரையன் நின்றிருந்தான். மாஸ்டரின் மாணவன். வயது முப்பத்தைந்து, வகுப்பிலேயே மூத்தவன்.

பலகை மிராசுதார் குஞ்சிதபாதம் போட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் தோள் துண்டின் கரையையும் மாற்றிக்கொள்கிற மனிதர். வீரையன் குத்தகைக்குச் செய்கிற மூன்று மா நிலத்தை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் அவருக்கு. சம்பா பால் பிடிக்கிற சமயம் பார்த்து வாய்க்கால் மதகில் பலகையைப் போட்டு, தூக்க முடியாதபடி குறுக்கே இரும்புப் பட்டை வைத்துப் பூட்டிவிட்டார். பயிர் காய்ந்தால் குத்தகைக்காரன் தானாகப் போய்விடுவான். போன வருடம் இதே மதகுக்குக் கடப்பாரையோடு போன வீரையனின் தம்பி, கொடிய ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக இன்னும் ஜெயிலில் இருக்கிறான்.

முந்தாநாள் மதியம், மதகுக்கு அவர் போட்டிருந்த காவல்காரன் சாப்பிடப் போன நேரத்தில் பலகை உடைந்தது. தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. கோடாரி, கடப்பாரையோடு பத்துப் பேர் வந்தார்கள் என்று மிராசுதார் புகார் கொடுத்திருந்தார். ஆனால் பலகையில் வெட்டுத் தடமும் இல்லை, நெம்பிய தடமும் இல்லை. ஒன்று, ஊறி நைந்து அதுவாக விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ வெறும் காலால் உடைத்திருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அதைக் கற்றுக்கொடுக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

வீரையன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். ஒரு கீறல் இல்லை. பழகிய கால் அப்படித்தான் இருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். மாஸ்டர் முடியும் என்று சொன்னால் வீரையன் உள்ளே. முடியாது என்றால் வீட்டுக்கு.

ஜெகபர் அலி பலகைத் துண்டைப் பார்த்தார். நைந்த மரம் இல்லை, நல்ல உரமான மரம் என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

பினாங்கில் ஆறு வருடம் இருந்து கற்றுக்கொண்டு வந்த வித்தை அது. ரைஸ்மில் களத்தில்தான் வகுப்பு. சேர வருகிற எல்லாரும் முதலில் கேட்பது, விறகு உடைக்கத்தான் கோடாரி இருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்பதுதான். "அடிக்கிறவனுக்கு எவ்வளவு தயக்கம் இருக்குன்னு பலகைதான் சொல்லும்" என்பார் அவர். பலகையைப் பார்க்காதே, அதற்கு ஒரு சாண் அப்பால் பார். ஒரே மிதி. இரண்டாவது மிதி தேவைப்பட்டால் முதல் மிதியில் மனசு இல்லை என்று அர்த்தம். இதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

வீரையன் நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தான். பலகை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் மாஸ்டர் பிடிப்பார். காலனித் தெரு ஆளுக்கு மறுபக்கம் பிடிக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு வேலை வந்துவிடும். மாஸ்டருக்கு அதில் மகா கோபம். கடைசியில் அவனுக்குச் சோறு கொண்டுவரும் மனைவி தங்கம்மாளையே கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். பிடிக்கிறவள் அசைந்தால் பலகை உடையாது என்று, அவளுக்கும் சேர்த்துத்தான் பாடம் நடந்தது.

இப்போது அவள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் மாஸ்டரைக் கண்டால் எழுந்து நிற்பவள், இன்று எழுந்திருக்கவில்லை. புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டே அவர் உள்ளே வந்திருந்தார்.

"சொல்லுங்க பாய்."

"முடியாதுங்க," என்றார் ஜெகபர் அலி.

போன மாதம் கட்சிப் பொதுக்கூட்டத்தில், அமைச்சருக்கு முன்னால் வரிசையாக மூன்று பலகையை உடைத்தீர்களே, நான்தானே பந்தோபஸ்துக்கு நின்றேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெகபர் அலி பலகைத் துண்டைத் தள்ளி வைத்தார்.

"அதெல்லாம் கண்கட்டு வித்தைங்க. பின்பக்கம் அறுப்புவாள் போட்டுப் பாதி அறுத்து, மெழுகும் மரத்தூளும் வெச்சு அடைச்சிருப்போம். தொட்டா ஒடையும். நெசப் பலகைன்னா கால்தாங்க ஒடையும்."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் இது டீக்கடை டீக்கடையாகப் போய்விடும். நாளைக்குக் களத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வாழ்நாளில் ஒரு பலகையில்கூட வாள் போடாத மனிதர் அவர். அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஊறி நைந்து அதுவாக உடைந்த பலகை என்று முடித்து, வீரையனை அனுப்பிவிட்டார்கள்.

படியிறங்கும்போது மாஸ்டர் அவன் பக்கம் குனிந்தார்.

"என் பேரு போனது போகட்டும். இதையாவது சொல்லு. ஒரே மிதிதானே?"

வீரையன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

தங்கம்மாள் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். வலது குதிகாலில் மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. விந்தி விந்தி வந்து மாஸ்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நனைஞ்ச பலகைங்க மாஸ்டர். ரெண்டு மிதி ஆயிடுச்சு."