கஸ்பாரின் நாக்கு

கடலுக்குள் நிற்கும் இரும்புத் தூணுக்குப் பெயிண்ட் அடிக்குமுன் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காய்ந்ததும் கஸ்பார் நாக்கால் தொட்டுப் பார்ப்பான். உப்பு மிச்சமிருந்தால் பெயிண்ட் கொப்பளித்து, பெரிய அலை அடிக்கிற மாதத்திலேயே உரிந்துவிடும். இருபது வருடமாக அவன் சொன்னால் சொன்னதுதான்.

போன மாதக் காய்ச்சலில் அந்த நாக்கு செத்துப்போனது. மீன்குழம்பும் கஞ்சியும் அவனுக்கு இப்போது ஒன்றுதான். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று, எந்தத் தூணை நக்கினாலும், "கரிக்குது, இன்னொரு வாட்டி ஊத்து" என்றே சொல்லிவந்தான்.

இன்று ஊற்றி ஊற்றியே கழுவுகிற தண்ணீர் தீர்ந்துபோய், குடிக்க வைத்திருந்த கேன் மட்டும்தான் மிச்சம். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"உப்பு தூண்ல இல்லய்யா, ஒன் வாயில இருக்கு. ஏ சலோமி, நீ நக்கிப் பாரு."

தண்ணீர் ஊற்றும் சலோமி சாரத்திலிருந்து எட்டி நக்கினாள். கஸ்பார் கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். சலோமி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றது சரிதான் மேஸ்திரி. கரிக்குது."

குடிதண்ணீரைத் தூக்கித் தூணில் ஊற்றினாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே படகுக்குப் போனார்.

"சுத்தமாத்தாண்ணே இருந்துச்சு," என்றாள் மெல்ல. "எத்தன நாளா இப்படி?"

கஸ்பார் காலிக் கேனை எடுத்து மூடினான்.

"இனிமே நான் மொதல்ல நக்குறேன். துப்புனா உப்பு. துப்பலேன்னா பெயிண்ட எடுங்க."

மறுநாள் அடுத்த தூணில் அவள் நாக்கை வைத்து எடுத்தாள். பிரஷ்ஷைப் பிடித்தபடி கஸ்பார் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.