காற்று பார்க்கும் தாள்

உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுப் படுக்கையறை மேசைமேல் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அது சூடாகிறது என்று என் கணவர் ஜூலியன் இரண்டு ஃபேன்கள் வாங்கி வந்து மாட்டினார். முன்னால் ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும். சரிதானா என்று பார்க்க முன்பக்கம் ஒரு டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டு டேப் ஒட்டினார். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

“இப்ப ஜில்லுனு இருக்கு பாரு,” என்று கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்க என்று வாசற்படியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்.

“அத மட்டும் தொட்டுப் பாக்கறீங்க,” என்றேன்.

“அதுக்கு வாய் இல்லல்ல,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபேன்கள் ஓய்ந்தன. தாள் தொங்கியது. பிறகு தானாகப் போய் ஒட்டியது, மெதுவாக விலகியது, மறுபடி ஒட்டியது. சீலிங் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினேன். அது நிற்கவில்லை.

கட்டிலைப் பார்த்தேன். ஜூலியனின் மார்பு ஏறும்போது தாள் ஒட்டியது, இறங்கும்போது விலகியது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பக்கத்தில் படுத்து, அவரோடு சேர்த்து மூச்சு விட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. கல்யாணமானதிலிருந்து அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன்.

தாளைப் பிய்த்தெறிய எழுந்து போனேன். நான் குனிந்ததும், அறைக்குள் வேற்று ஆள் வந்துவிட்டது போல, அவரும் கம்ப்யூட்டருமாக இரண்டு பேரும் ஒருசேர மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.