நாலு மூலையும்

"அசல்தாம்மா!" என்றார், பழைய விளையாட்டு அட்டைகளுக்கு விலை சொல்லும் கடைக்காரர். "விளக்குல பிடிச்சுப் பாத்தேன், வெளிச்சம் ஊடுருவல. போலியா இருந்தா பின்னால என் விரல் தெரிஞ்சிருக்கும்."

எதிரே நின்ற அம்மாளின் முகம் மலர்ந்தது. "மூலையெல்லாம் பாத்தீங்களா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நாலு மூலையும் கத்தி மாதிரி இருக்கு. குழந்தைங்க கை பட்டதே இல்ல. விலை எங்கேயோ போயிடும்!"

மலர்ந்த முகம் வெளிறியது. "பல் தடம் ஏதாவது? லேசாவாவது?"

"அது இருந்தா காலணா பெறாதே!" என்று சிரித்தார் கடைக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்ற இளைஞனையே பார்த்தாள்.

"என் பையன் ஏழு வயசுல, இந்த டிராகன் அட்டையைக் கையில வச்சுக்கிட்டே காணாமப் போனான். எந்நேரமும் மூலையைக் கடிச்சுக்கிட்டே இருப்பான். நானும் திட்டாத நாளில்லை. போன மாசம் வாசல்ல வந்து நின்னான். 'பத்திரமா வச்சிருந்தேம்மா'ன்னு இதை நீட்டினான்."

கடைக்காரர் வெளியே நின்றவனை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "போலீஸைக் கூப்பிடட்டுமாம்மா?" என்றார் மெல்ல.

அவள் அட்டையை எடுத்தாள். ஒரு மூலையைப் பல்லிடுக்கில் வைத்து, அழுத்திக் கடித்தாள்.

கதவு திறந்தது. "போலாமாம்மா?"

"இதோ வந்துட்டேன்டா கண்ணா."