தண்ணீருக்குள் வராத தீர்ப்பு

ஒரு குளக்கரையில் ஒரு வாத்து இருந்தது. அது ஆசையாக இட்ட முதல் முட்டையை வீட்டுக்காரர்கள் எடுத்துக் கோழிக்கு அடைவைத்துவிட்டார்கள். பொரிந்து வந்த குஞ்சு கோழியின் பின்னாலேயே திரிந்தது. வாத்து தினமும் தூர நின்று பார்த்தது. கடைசியில் கூச்சத்தை விட்டு, வழக்குத் தீர்க்கும் எருமையிடம் போய் நின்றது.

எருமை அசைபோட்டபடியே சொன்னது: "காக்கா கூட்டில குயில் முட்டை விட்ட வழக்குலேயே சொல்லியாச்சே. அடைகாத்தவளுக்குத்தான் குஞ்சு."

"குயில் தானா விட்டுட்டுப் போனவ, பெரியம்மா. எங்கிட்டேயிருந்து எடுத்துட்டுப் போனாங்க."

"அடி போடி!" என்று கோழி சிலிர்த்துக்கொண்டு வந்தது. "என் முட்டைன்னா இருபத்தோரு நாள். இதுக்கு மேல ஒரு வாரம் உட்கார்ந்தேன். நீ குளத்துல மிதந்துக்கிட்டிருந்தே."

அதுவும் உண்மைதான்.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "உன் கதை வேறதான். ஆனா இன்னைக்கு நான் மாத்தினா, நாளைக்குக் கூட்டுக்குக் கூடு சண்டை வரும். கரையில பழைய தீர்ப்புதான்." பிறகு குளத்தைப் பார்த்தது. "தண்ணிக்குள்ள என்ன செய்யணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

வாத்து குளத்தில் இறங்கியது. குஞ்சுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று மெல்லக் கூப்பிட்டது.

"போகாதேடா கண்ணு, முங்கிடுவே!" என்று கோழி பதறியது.

குஞ்சு கோழியைத் திரும்பிப் பார்த்தது. ஒரு காலைக் கரையிலேயே வைத்துக்கொண்டு, மறு காலைத் தண்ணீரில் வைத்தது.

வாத்து அலை எழாதபடி அசையாமல் காத்திருந்தது.